ஐ.பி. தொலைபேசி: எத்தனை வழிகள், எத்தனை உரிமங்கள்?



வணிகவியல் பயிலும் மாணவர்களுக்கும் சிறுதொழில் நடத்துவோர்க்கும் பயன்படக்கூடிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தில் ஐ.பி. தொலைபேசி வைக்கும்போது எத்தனை கருவிகள், எத்தனை அழைப்பு வழிகள், எத்தனை உரிமங்கள் வாங்க வேண்டும் என்பதே அப்பொருள். குறைவாக வாங்கினால், லைன் கிடைக்காத வாடிக்கையாளர் அடுத்த கடையை அழைத்துவிடுவார். அதிகமாக வாங்கினால் மாதந்தோறும் பணம் வீணாகும். இரண்டுக்கும் நடுவே சரியான எண்ணைக் காண்பது எப்படி?

முதலில், ஐ.பி. தொலைபேசி என்றால் என்ன? பழைய முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ஜோடிச் செம்புக் கம்பி உண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுத்தான் போகும். ஐ.பி. முறையில் நமது குரல் எண்களாக மாற்றப்பட்டு, சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, கணினிகள் பயன்படுத்தும் அதே வலையமைப்பின் வழியே செல்கிறது. பெரும்பாலான அமைப்புகளில் நொடிக்கு 50 பொட்டலங்கள் புறப்படும். ஆகவே இங்கே ‘வழி’ என்று நாம் சொல்வது கம்பியை அன்று; ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய ஓர் அழைப்புக்கான இடத்தை.

24 ஊழியர்கள் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 24 கருவிகள் வேண்டும் என்பது தெளிவு. அப்படியானால் வெளியுலகோடு பேச 24 வழிகள் வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். பால் நிறுக்கும் இடத்தில் காலை முழுவதும் கூட்டம் இராது. வெட்டு முடிந்ததும் எல்லாரும் வாளிகளோடு ஒன்றாக வந்து நிற்பார்கள். அங்கே எத்தனை தராசுகள் தேவை என்பதை அந்த ஒரு மணி நேர நெரிசல்தான் முடிவு செய்யும். தொலைபேசியிலும் அப்படியே. நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்க்கக் கூடாது. மிகுந்த அழைப்புகள் வரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு சூத்திரத்தைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங். 1878-இல் பிறந்த இவர் கணிதம் பயின்று, சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1908-இல் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அழைப்பு நெரிசலை அளக்கும் அலகுக்கும் ‘எர்லாங்’ என்றே பெயர். ஒரு வழி ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங்.

நம் நிறுவனத்தில் நெரிசலான மணி நேரத்தில் 60 அழைப்புகள். ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். ஆக 180 நிமிடம். அதை 60-ஆல் வகுத்தால் 3 எர்லாங். உடனே, ‘3 வழிகள் போதுமே’ என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். அழைப்புகள் வரிசையாக ஒன்று முடிந்து ஒன்று வருவதில்லை. எர்லாங்கின் சூத்திரப்படி 3 வழிகள் மட்டும் இருந்தால் 100 அழைப்புகளில் ஏறக்குறைய 35 திரும்பிப் போய்விடும். 6 வழிகள் இருந்தால் 5 அழைப்புகள் போகும். 7 இருந்தால் 2. 8 இருந்தால் ஒன்றுக்கும் குறைவு. எனவே 8 வழிகள் போதும், 24 வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அழைப்புகள் இரண்டு மடங்காகி 6 எர்லாங் ஆனால் 16 வழிகள் தேவைப்படா. 13 வழிகளே அதே தரத்தைத் தரும். பெரிய கூட்டம் வழிகளை இன்னும் சிக்கனமாகப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் லைன் கிடைக்காதவர் மறுபடி முயலமாட்டார் என்று இச்சூத்திரம் கொள்கிறது. உண்மையில் பலர் உடனே மறுபடி அழைப்பார்கள். வெளியிலிருந்து வந்த அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டால் அந்த ஓர் அழைப்பே 2 வழிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் ஓரிரு வழிகளைக் கூட்டி வைப்பது நல்லது.

அடுத்து இணையத்தின் அளவு. வழக்கமான தரத்தில் ஓர் அழைப்பின் குரலுக்கு 64 கிலோபிட் வேண்டும். பொட்டலத்தின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் ஆகும். 8 அழைப்புகளுக்குச் சுமார் 700 கிலோபிட். இன்றைய இணைப்புகளில் இது சிறிய அளவே. ஆனால் ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும் வேளையில் குரல் திக்கித் திணறும். ஆகவே குரலுக்கு முன்னுரிமை தருமாறு வலையமைப்பை அமைக்கச் சொல்ல வேண்டும்.

இனி உரிமம், அதாவது லைசென்ஸ். மென்பொருள் நிறுவனங்கள் இதைப் பல வகையாக விற்கின்றன. சில, ஆளுக்கு ஒன்று என்று எண்ணும். சில, கருவிக்கு ஒன்று என்று எண்ணும். அப்போது மேசையில் ஒரு கருவியும் கணினியில் ஒரு செயலியும் வைத்திருப்பவருக்கு இரண்டு ஆகும். வேறு சில, ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்புகளை எண்ணும். அந்தக் கணக்கில் அலுவலகத்துக்குள் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் சேருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேரும் என்றால் 8-க்கு மேல் வாங்க நேரிடும்.

நினைவில் கொள்ள வேண்டிய விதி இது: தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த வழிகள், மென்பொருள் உரிமம், இணையத்தின் அளவு ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் எல்லை. 8 வழிகளுக்கு வாடகை கட்டிவிட்டு 4 அழைப்புகளுக்கு மட்டும் உரிமம் வைத்திருந்தால், ஐந்தாவது அழைப்பு உள்ளே வராது.

உரிமக் கட்டணமே இல்லாத மென்பொருளும் உண்டு. மார்க் ஸ்பென்சர் 1999-இல் உருவாக்கிய ஆஸ்டரிஸ்க் அத்தகையது. எனினும் அதை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு ஊதியம் உண்டு.

கையெழுத்திடுவதற்கு முன் விற்பனையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். உரிமம் ஆளுக்கா, கருவிக்கா, அழைப்புக்கா? ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் தொலைபேசி நின்றுவிடுமா, அல்லது புதுப்பிப்புகள் மட்டும் நிற்குமா? பேச்சைப் பதிவு செய்வதற்கும் காத்திருப்போர் வரிசைக்கும் தனிக் கட்டணம் உண்டா? ஆட்கள் கூடினால் சிறிது சிறிதாகச் சேர்க்கலாமா, மொத்தமாக அடுத்த படிக்குத் தாவ வேண்டுமா?

கடைசியாக ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். ஐ.பி. தொலைபேசி அப்படியன்று. மின்சாரம் போனால் கருவியும் போகும். 999-ஐ அழைக்கவும் முடியாது. ஆகவே தொலைபேசிகளுக்கும் இணையக் கருவிக்கும் மின்கலக் காப்பு வையுங்கள். அலுவலகத்தில் ஒரு கைப்பேசியும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மாணவர்களே, ஓர் அலுவலகத்தின் அழைப்புப் பதிவேட்டை எடுத்து, நெரிசலான மணி நேரத்தைக் கண்டுபிடித்து, அழைப்புகளின் எண்ணிக்கையைச் சராசரி நிமிடத்தால் பெருக்கி 60-ஆல் வகுத்துப் பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். எர்லாங் எத்தனை என்று தெரிந்துவிடும். அதை வைத்து வழிகளைக் காட்டும் எர்லாங் அட்டவணைகள் எளிதில் கிடைக்கின்றன. விற்பனையாளர் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காமல், நம் எண்ணை நாமே கணக்கிட்டு அவர்முன் வைக்கலாம்.