ஊசியறிந்து தைப்போம்
(சங்க ஆண்டு விழா மகளிர் அரங்கில் நிகழ்த்திய உரை)

பூத்தையலைப் பற்றிப் பேசுமாறு மகளிர் பிரிவினர் பணித்தனர். பூவையும் நூலையும் விடுத்து, ஊசியைப் பற்றியே பேச விழைகிறேன். அதற்கொரு காரணம் உண்டு.

என் மகள் பத்து வயதில் ஒரு கைக்குட்டையில் பூத்தைக்கத் தொடங்கினாள். நூல் பஞ்சுபஞ்சாய்ப் பிரிந்தது, துணி சுருங்கியது. மூன்றாம் நாள், "எனக்குக் கை வராது, அம்மா" என்று கூறி வைத்துவிட்டாள். நானும் அதை நம்பினேன். நெடுநாள் கழித்தே உண்மை விளங்கிற்று. ஆறிழை நூலைப் பிரிக்காமல், பொத்தான் தைக்கும் சிறுகாது ஊசியில் திணித்துக் கொடுத்தவள் நான் அல்லவா! குறை குழந்தையின் கையில் இல்லை.

ஊசியின் வேலை யாது? நூல் செல்ல வழி திறப்பதே. காதருகே நூல் இரட்டையாக இருக்கும். அது உராயாமல் செல்லும் அளவே துளை வேண்டும். ஊசி மிக மெலிந்தால் நூல் ஒவ்வொரு முறையும் தேய்ந்து நைந்துவிடும். மிகப் பருத்தாலோ துளை மூடாது. பட்டுச் சேலையில் விழுந்த அத்தகைய துளை என்றும் வடுவாகவே நிற்கும்.

ஊசியின் எண் ஏற ஏற, ஊசி மெலியும். பூத்தையலுக்குரிய எம்பிராய்டரி ஊசி கூர்முனையும் நீண்ட காதும் உடையது. 1 முதல் 12 வரை எண் பெறும். ஓரிழை, ஈரிழைக்கு 9 அல்லது 10. மூவிழைக்கு 7 அல்லது 8. ஆறிழைக்கு 3 முதல் 5 வரை பொருந்தும்.

இழையெண்ணித் தைக்கும் குறுக்குத்தையலுக்கு முனை மழுங்கிய டாபஸ்ட்ரி ஊசியே தக்கது. கூரிய முனை துணியின் இழையைப் பிளந்துவிடும். அங்குலத்திற்கு 14 கட்டமுள்ள துணிக்கு 24ஆம் எண் ஏற்றது. நூலை ஊசியில் பலமுறை சுற்றி முடிச்சுப்பூ இடுவோர் மில்லினர் ஊசியை நாடுக. அதன் காது தண்டைவிடப் பருத்திராது. ஆதலின் சுற்று சிக்காமல் கழன்று வரும்.

இந்நாட்டின் தையற்கலைகளை நோக்குங்கள். பஞ்சாபின் புல்காரி, கதர்த் துணியின் மறுபுறமிருந்து இழையெண்ணித் தைக்கப்படுவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் நீலகிரித் தோடர் பூத்தையலும் இழையெண்ணியே அமைவது. ஆரி வேலையிலோ ஊசியின் நுனியே கொக்கியாகிச் சங்கிலித்தையல் இடுகிறது. வேலைக்கேற்ப ஊசி என்பதே யாண்டும் நெறி.

இன்னும் சில சொல்வேன். நூலைச் சுமார் 18 அங்குலத்திற்கு மேல் நீட்டாதீர்கள். காதில் நூல் நுழையாவிடில் ஊசியைத் திருப்பி மறுபுறம் முயலுங்கள். ஒருபுறம் மற்றதைவிட எளிதாக ஏற்கும். வேலை முடிந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். துருக்கறை எளிதில் போகாது.

ஓராண்டுக்குப்பின் என் மகளிடம் 9ஆம் எண் ஊசியும் ஈரிழை நூலும் கொடுத்தேன். அவள் தைத்த தலையணை உறை இன்று நம் கைவினைக் கண்காட்சியில் இருக்கிறது. "கை வராது" என்று எந்தக் குழந்தையேனும் சொன்னால், கையைக் குறை கூறுமுன் அதன் ஊசியைப் பாருங்கள்.