கட்டடமா, உபயமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவழிப்பது என்று செயற்குழு சில மாதங்களாகக் கதைத்து வருகிறது. ஒரு பகுதியைப் புற்றுநோய் ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாடசாலை வாசலில் நினைவு வளைவு ஒன்று கட்டவேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் பதினெட்டு வருடம் இலண்டனில் ஒரு மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் வேலை செய்தவள். பெருந்தொகை கொடுக்கக்கூடியவர்களைத் தேடிப்போய்ப் பேசும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அதனால் இதைப்பற்றிச் சொல்லும்படி தலைவி கேட்டார். வளைவில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் நான் எந்தப் பக்கம் என்பதை மறைத்துக்கொண்டு பேசுவதும் சரியில்லை. நான் ஆய்வின் பக்கம்.

காசு கேட்பது எங்களுக்குக் கூச்சமான அலுவல். பெரிய தொகை கேட்பது இன்னும் கூச்சம். ஆனால் அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று நினைக்கவேண்டாம். எங்கள் கோயில் திருவிழாவைப் பாருங்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருக்கிறார். மூன்றாம் திருவிழா இன்ன குடும்பத்தாருடையது என்றால், எண்ணெய், பூ, மேளம், அபிஷேகச் சாமான், அன்னதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பேரன் ரொறன்ரோவில் இருந்தாலும் அந்த நாளுக்குக் காசு வந்துவிடும். இதிலே கட்டடம் ஒன்றும் இல்லை. விடிந்தால் பூ வாடிவிடும், எண்ணெய் எரிந்து முடிந்துவிடும். வருடாவருடம் தீர்ந்துபோகிற செலவுக்குத்தான் அந்தக் காசு. கொடுப்பவருக்கு இன்ன நாள், இன்ன செலவு, இவ்வளவு தொகை என்று சரியாகத் தெரியும். பதினெட்டு வருடம் நான் செய்த வேலையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆய்வுக்கும் செலவு அப்படித்தான் போகிறது. ஆய்வு என்றால் புதிய கட்டடம், பளபளக்கும் இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி சம்பளமாகவே போகும். நோயாளிகளின் விவரத்தைப் பதிபவர், இரத்த மாதிரியைப் பிரிப்பவர், வீடு தேடிப்போய் விசாரிப்பவர், கணக்குப் பார்ப்பவர். இவர்கள் மாதம் மாதம் சாப்பிடவேண்டியவர்கள். இந்தச் செலவில் யாருடைய பெயரையும் கல்லில் பொறிக்க முடியாது. அதனால்தான் அதற்குக் கொடை கிடைப்பது கடினம்.

இனி அடையாற்றுக் கதைக்கு வருகிறேன். பெண்கள் சங்கம் ஒன்று என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1927இல் சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்றவர். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரை விடவில்லை. ஆனால் அதைக் கையில் எடுக்க அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு எதற்குத் தனி வைத்தியசாலை என்று அரச மட்டத்திலேயே கேட்ட காலம். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 கட்டிலோடு வேலை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் மாதர் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் இன்றும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. ஒரு பழைய மாணவிகள் சங்கம் பார்த்துப் பொறாமைப்படவேண்டிய அடைப்புக்குறி அது.

அங்கே பணம் கேட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். சாந்தா அம்மையார் அரச பதவியை விட்டுவிட்டு வந்தவர். முதல் சில வருடம் சம்பளம் இல்லாமல் வேலை செய்தவர். பிறகு நிறுவன வளவுக்குள்ளேயே வாழ்ந்து 2021இல் காலமானவர். அப்படிப்பட்ட ஒருவர் வந்து கேட்டால், பணக்காரர் கையை மூடிவைத்திருப்பது கடினம். கேட்பவர் முதலில் தான் கொடுத்திருக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. தொகை சிறிதாக இருக்கலாம், ஆனால் அவருடைய நிலைக்கு அது உறைக்கவேண்டும்.

அடையாறு கட்டிலோடு நிற்கவில்லை. 1981இல் சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்று ஒவ்வொரு வைத்தியசாலையாகப் போய்ச் சேகரிக்கிற வேலை. பார்த்தால் எழுதுவினைஞர் வேலை. ஆனால் சென்னைப் பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் குறைந்து வருகிறது, மார்பகப் புற்றுநோய் கூடி வருகிறது என்று அந்த ஏடுதான் காட்டியது. அது தெரியாமல் எங்கே எந்தப் பரிசோதனை வேண்டும் என்று எவர் திட்டமிட முடியும்?

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2011இல் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து எங்கள் பருத்தித்துறை முனைவரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர், ‘டிரெயில்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்ற இரு நண்பர்கள் அதைத் தொடங்கினார்கள். ஆடைத் தொழில்துறையில் இருந்தவர்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், போர் முடிந்து இரண்டு வருடம்தான். ஏறத்தாழ 20 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அந்தக் காசில் எழுந்தது. 2016இல் அதே வழியைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். கம்பனிகளும் கொடுத்தன, றோட்டோரத்தில் நின்ற பிள்ளைகளும் கொடுத்தார்கள். மகரகமைக்கு இரவு பஸ் ஏறிப் போன எங்கள் சனத்துக்கு அந்தக் கட்டடத்தின் பெறுமதி தெரியும். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அது இப்போது இருக்கிறது. அடுத்த கேள்வி, அதன் வாசலுக்கு எங்கள் பெண்கள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்பது.

ஆய்வுக்குப் பொறுமை வேண்டும். தரம் 6 மாணவிகளுக்கு 2017 முதல் இந்த நாட்டுப் பாடசாலைகளில் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அந்த ஊசியின் வேர் ஜேர்மனியில் இருக்கிறது. ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற விஞ்ஞானி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் அந்த வைரசுக்கும் உள்ள தொடர்பை 1980களின் தொடக்கத்தில் கண்டார். ஊசி பாவனைக்கு வந்தது 2006இல். அவருக்கு நோபல் பரிசு 2008இல். இங்கே வந்து சேர மேலும் ஒன்பது வருடம். முதல் காசைக் கொடுத்தவர் பலனைக் காண இருந்திருப்பாரோ தெரியாது. கொடையாளரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவேண்டும். ஆய்வு தோற்கவும் கூடும், அதையும் சொல்லவேண்டும். அதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். மறைத்து வாங்கிய காசு மூன்றாம் வருடம் சண்டையாகத் திரும்பி வரும்.

இலண்டனில் ஓர் ஆங்கிலேய மூதாட்டியிடம் நான் இரண்டு வருடம் போய்வந்தேன். தேநீர் குடிப்போம், அவருடைய ரோசாச் செடிகளைப் பற்றிக் கதைப்போம், ஆய்வுகூடத்துக்கு இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனேன். கடைசியில் தொகையைச் சொல்லிக் கேட்டேன். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். எங்கள் ஆட்கள் அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் ‘முடியாவிட்டால் பரவாயில்லை, பாதி தந்தாலும் போதும்’ என்று தாங்களே இறங்கிவிடுவார்கள். அந்த அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். என் காசு முடிந்தபிறகு அந்த இளம் ஆய்வாளருக்கு என்ன வேலை இருக்கும்? பெயர்ப்பலகையைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

கேட்கப் போகும்போது தனியாகப் போகவேண்டாம். கொடையாளரின் வகுப்புத்தோழி ஒருவர், வேலையை விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர், இரண்டு பேர் போதும். கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எங்கள் வீடுகளில் ஆண் தலையாட்டினாலும் முடிவு சமையலறையில்தான். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ‘உங்களால் ஏலுமானது’ என்று கேட்டால் ஏலுமானதில் பத்தில் ஒன்றுதான் வரும். வட்ஸ்அப் குழுவில் போட்டுப் பெருங்கொடை கேட்கவே கூடாது. கிடைத்தபின் பற்றுச்சீட்டு, கணக்காய்வு செய்த கணக்கு, வருடத்துக்கு ஒரு கடிதம். நன்றி சொல்லாத சங்கத்துக்கு இரண்டாம் தரம் எவரும் கொடுப்பதில்லை.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. எங்கள் மண்ணின் பழைய பணத்தில் புகையிலைப் பணம் நிறைய உண்டு. தோட்டத்திலிருந்து சுருட்டுக் கொட்டிலுக்கு, அங்கிருந்து தென்னிலங்கைக் கடைகளுக்கு. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள், கோயில்கள் எழுந்தன. வெற்றிலையோடு புகையிலை போட்டு வாய்ப் புற்றுநோய் வந்தவர்களும் இதே ஊர்தான். பிரித்தானியாவின் பெரிய புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையிலைக் கம்பனிக் காசைத் தொடுவதில்லை. நாங்கள் என்ன செய்வது? பாட்டனின் தோட்டத்தை விற்ற காசை வாங்கலாம், இன்றைக்கும் புகையிலை விற்பவரின் காசு வேண்டாம் என்பது என் தீர்மானம். செயற்குழு வேறு விதமாக முடிவெடுக்கலாம். ஆனால் காசோலை வருவதற்கு முன் எடுக்கவேண்டிய முடிவு இது.

கடைசியாக, நான் முன்வைக்கும் யோசனை. மார்பில் கட்டி ஒன்றைக் கண்ட நாளுக்கும் மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ காட்டிய நாளுக்கும் இடையில் ஒரு வடமராட்சிப் பெண்ணுக்கு எத்தனை மாதம் போகிறது? ஏன் போகிறது? வெட்கமா, பஸ் காசா, மகளின் கலியாணம் முடியட்டும் என்ற நினைப்பா? இதை வீடு வீடாக விசாரித்து எழுத ஒரு பெண் ஆய்வு உதவியாளர் வேண்டும். ஐந்து வருடம் வேண்டும். ஆய்வை நடத்துவது மருத்துவ பீடத்தின் வேலை, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெறுவதும் அவர்கள் வேலை. நாங்கள் வேண்டிய விடையைச் சொல்லிக் கொடுக்கக்கூடாது, கொடையாளரும் கேட்கக்கூடாது. எங்கள் பொறுப்பு அந்தச் சம்பளமும் பயணச் செலவும்.

ஐந்து வருடத்துக்கு ஐந்து உபயம். ஓர் உபயம் ஒரு முழு வருடம். முதலாம் வருட உபயத்தில் பாதியை நானும் என் தம்பியும் அம்மாவின் பெயரில் தருகிறோம், மற்றப் பாதிக்கு ஒருவர் வேண்டும். மீதி நான்கு வருடத்துக்கும் நான்கு குடும்பங்கள் வேண்டும். அந்த நான்கு குடும்பங்களும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான், கொழும்பிலோ, இலண்டனிலோ, சிட்னியிலோ இருப்பவர்கள். இன்றைக்கு எவரும் காசு தரவேண்டாம். உங்களுக்கு நெருங்கிய ஒருவரின் பெயரையும், அவரைப் பார்க்க என்னோடு நீங்கள் வருவீர்களா என்பதையும் ஒரு துண்டில் எழுதிப் பொருளாளரிடம் கொடுங்கள். நான் அடுத்த மாதம் இருபதாந் திகதிவரை ஊரில் நிற்பேன்.