சீட்டு எழுதினால் போதாது
(மூலனூர் ஆதரவாளர் கூடுகையில் பேசியதன் சுருக்கம்)



பருத்தி ஏலத்துக்கு மூலனூர் வருகிறவர்களில் சிலர் எங்களிடமும் எட்டிப் பார்ப்பதுண்டு. "வாயுப் பிடிப்புங்க, ஒரு மாத்திரை குடுங்க" என்பார்கள். அப்படித்தான் அந்தப் பெரியவரும் வந்தார். இ.சி.ஜி. பார்த்துவிட்டு, கோவைக்குப் போய் ஆஞ்சியோகிராம் எடுக்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்தோம். அவர் போகவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி மாரடைப்போடு கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. பண்ணையம் பார்க்க இனி அவரால் ஆகாது.

ஏன் போகவில்லை என்று அவர் மனைவியைக் கேட்டோம். "தொடையில ஓட்டை போட்டு நெஞ்சுக்குள்ள கம்பி உடுவாங்களாம். செத்தா நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்தும் வாங்குவாங்களாம். எப்படிங்க மனசு வரும்?" என்றார்கள் அந்த அம்மா.

இதை முன்னமே உட்கார வைத்துப் பேசாதது எங்கள் குற்றம்தான்.

அது கம்பி அல்ல, வளையும் மெல்லிய குழாய். பருமன் சுமார் 2 மில்லிமீட்டர். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செலுத்துகிறார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். இரத்தக் குழாய்க்குள் அது போவது அநேகமாகத் தெரியாது. மருந்து பாயும்போது உடம்பில் சூடு பரவும். சில நொடியில் போய்விடும். 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளம் டாக்டர் தம் கை நரம்பிலேயே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1956இல் நோபல் பரிசும் பெற்றார். இதைச் சொன்னால் நம் ஊர் ஆட்கள் சிரித்துவிடுகிறார்கள். பயம் பாதி போகிறது.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்வதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்ற பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேரிடுகிறது. கையெழுத்துக் கேட்பது இதைத் தெரிந்துகொண்டு சம்மதித்தீர்கள் என்பதற்காக. டாக்டரின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"உள்ளே போனா அப்பவே ஸ்டென்ட் வெச்சு லட்சக்கணக்குல கேப்பாங்க" என்பது பனியன் கம்பெனி ஆட்களின் பயம். இது வீண் பயமும் அல்ல. அவசரம் இல்லாதபோது, படத்தைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்று கேட்கலாம். சிலருக்கு மாத்திரையே போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய் முதலிலேயே விசாரிப்பது நல்லது.

இப்போது சீட்டு எழுதுமுன் வீட்டாரையும் கூப்பிட்டு, அந்தக் குழாயைக் கையில் கொடுத்துவிடுகிறோம். துணைக்கு ஆளில்லாதவர்களோடு எங்கள் ஊழியர் ஒருவர் தாராபுரம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறுகிறார். நீங்கள் அனுப்பும் பணத்தில் அந்தப் பயணச் செலவும் அடங்கியிருக்கிறது.