வளைவில் நிற்போர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து வாழவந்தி நாட்டுச் செம்மேட்டை அடைவோரை வல்வில் ஓரியின் சிலை எதிர்கொள்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். ஊர்தியும் ஊர்பவனும் ஒரே பெயர் தாங்கிய அம்மலையில், இன்று விடுமுறை நாள்களில் மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக ஏறுகின்றன. ஊர்வோர் பலர். அவருள் வள்ளலின் வழியில் வருவோர் யாவர் என்பதே இவ்வுரையின் பொருள்.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஒரு காட்சியை அமைத்துள்ளார். காட்டிடையே வேட்டுவன் ஒருவனைக் கண்ட பாணர் கூட்டம், இவன் ஓரியோ அல்லனோ என்று ஐயுற்றுப் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் ஒலித்ததும் அவன் நாணுகிறான். பிறகு பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான். கொடுக்கும் கை நீண்டிருந்தது. புகழ் கேட்ட முகமோ தாழ்ந்தது. வள்ளன்மைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

மோட்டார் சைக்கிளை அறப்பணிக்குப் பயன்படுத்தும் முயற்சி உலகெங்கும் பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் ஹவா என்பவர் 2012ஆம் ஆண்டு ‘டிஸ்டிங்குயிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு’ என்னும் ஊர்வலத்தைத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் முரடர் என்னும் எண்ணத்தை மாற்றுவது அவர் நோக்கம். ஆதலால், கலந்துகொள்வோர் கோட்டும் டையும் அணிந்து பழைய பாணி வண்டிகளில் வந்தனர். பின்னர் அது புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆடவர் மனநலத்திற்கும் நிதி திரட்டும் இயக்கமாக வளர்ந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இவ்வூர்வலம் நடைபெற்றுள்ளது.

இங்கே ஒரு வினா எழும். பெட்ரோலுக்குச் செலவிடும் பணத்தை நேரே மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே? நேர்மையான வினாதான். ஊர்வோர் தம் இன்பத்திற்காக ஓட்டிவிட்டு அதற்கு அறம் என்று பெயரிட்டால், இவ்வினாவிற்கு விடையில்லை. ஆனால், ஓட்டுபவர் தம் உறவினரிடமும் நண்பரிடமும் நோயைப் பற்றிப் பேசி, அவர் ஒவ்வொருவரையும் கொடையாளராக ஆக்கினால், அப்பயணம் ஒரு தூதாகிறது. வண்டிச் செலவு தமது. திரண்ட பொருள் முழுவதும் பிறரது. இவ்வரம்பு கலையாதவரையே ஊர்வலம் அறமாகும். கணக்கை எழுதி அனைவரும் காண வைப்பவரும் இவ்வகையில் தொண்டரே.

ஊர்வலத்தில் பலர் கண்ணுக்குப் படாத தொண்டர்கள் உண்டு. வண்டிகளின் பிரேக்கையும் டயரையும் சோதிப்பவர், பெயரோடு இரத்த வகையையும் வீட்டார் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்பவர், வளைவில் வெயிலில் நின்று கொடி காட்டுபவர், பழுதான வண்டிக்குத் துணையாக எல்லோர்க்கும் பின்னே வருபவர் ஆகியோர் அவர்கள். கடைசி வண்டி வந்து சேரும்வரை இவர்கள் உண்பதில்லை. நிழற்படத்திலும் இவர்கள் இருப்பதில்லை.

உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானம் நால்வகை என்பர். நிதி கொடுப்பவர் மருந்துக்கு வழி செய்கிறார். வளைவில் நிற்பவர் அபயம் அளிக்கிறார். அந்த அபயம் ஊர்வோர்க்கு மட்டும் உரியதன்று. வாழவந்தி நாட்டுச் சாலை, அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாலை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், பலாவும் அன்னாசியும் மிளகும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் உழவரும் நடக்கும் வழி அது. ஏறிவரும் பேருந்துக்கு இறங்குபவர் ஒதுங்கி இடம் விடுவதே மலைச்சாலையின் முறை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வருவதும், ஊருக்குள் இரைச்சலைக் குறைப்பதும், ஓரத்துக் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதிருப்பதும் ஓட்டுவோரின் கடமைகள். தின்பண்டத்திற்குப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து சக்கரத்தில் மாளும். இரக்கம் என்று எண்ணிச் செய்தது கொலையாய் முடியும்.

மேற்கு வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் கரீமுல் ஹக் என்னும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வாழ்கிறார். ஆம்புலன்ஸ் கிடைக்காமல் அவருடைய தாயார் உயிர் நீத்தார். பின்னாளில் உடன் உழைத்த ஒருவர் மயங்கி விழுந்தபோது, அவரைத் தம் முதுகோடு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே மருத்துவமனை சேர்த்தார். அன்றுமுதல் அவ்வண்டியே சுற்று ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் ஆயிற்று. 2017ஆம் ஆண்டு நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருக்கு அணிவகுப்பும் இல்லை, கொடியும் இல்லை. இழந்த தாயின் நினைவே அவரை ஓட்டியது.

விபத்தில் சிக்கியவரைத் தூக்கினால் வழக்கு வருமோ என்று அஞ்சி விலகுவோர் இன்றும் உளர். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரை வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. பெயர் கூறாமல் உதவலாம் என்று சட்டமே இடமளிக்கிறது. தன் பெயர் கேட்டு நாணிய ஓரியின் மலைக்கு இது பொருத்தமானதே.

இளைஞர்களே! அறத்தின் பெயரால் அணிவகுப்பு ஒன்று எழும்போது, முன்வண்டிக்குப் பலர் போட்டியிடுவர். பின்வண்டிக்கும் வளைவுக்கும் ஆள் வேண்டியிருக்கும். எழுபது வளைவுகளுள் ஏதேனும் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று மாலை ஊர்ந்தவர் அனைவரும் வீடு திரும்பினால், மலைவாழ் மக்களுள் ஒருவரும் சிறு உயிர் ஒன்றும் துன்புறாதிருந்தால், அவ்வளைவில் நின்றவர் தம் கொடையைக் கொடுத்துவிட்டார் என்பதே பொருள்.