தபால்காரர் கொண்டுவந்த மருந்து



இந்த நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களை நினைத்தால் உள்ளபடியே கலக்கமாகத்தான் இருக்கிறது. அவர்களில் இருவரிடம் நான் பாடம் கேட்டவன். இன்னொருவரோடு இருபது ஆண்டுகளாக எழுத்தில் வாதாடி வருகிறேன். உடல்நலம் குன்றியிருந்தும் அவர் இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அதைவிடப் பெரிய மரியாதையை இந்த மாநாடு எனக்குச் செய்துவிட முடியாது.

சாந்த்ராகாச்சியில் கூடலாம் என்று அமைப்பாளர்கள் எழுதியபோது நான் உடனே ஒப்புக்கொண்டேன். கல்கத்தாவின் மருந்து வணிகத்தைப் பேச ஹவுரா பக்கத்து மண் பொருத்தமானது. பி. கே. பால் கம்பெனியைத் தொடங்கிய பட்டகிருஷ்ண பால் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சிப்பூரில் பிறந்தவர். 1855-இல் அவர் ஆரம்பித்த கடையின் ‘எட்வர்ட்ஸ் டானிக்’ காய்ச்சல் கண்ட வங்காளத்தின் வீடு வீடாகப் போயிற்று. வட கல்கத்தாவில் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது.

‘விக்டோரியா காலத்துப் பேட்டண்ட் மருந்துகளும் அவற்றின் விற்பனையும்’ என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அடிப்படைகளை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டண்ட் மருந்துகளில் பெரும்பாலானவை பேட்டண்ட் வாங்காதவை என்பதும், வாங்கினால் கலவையை வெளியே சொல்லியாக வேண்டும் என்பதால்தான் வாங்கவில்லை என்பதும் நமக்குத் தெரிந்தவை. 1783-இல் வந்த மருந்து முத்திரை வரியின் தாளைச் சர்க்கார் அங்கீகாரம் என்று ஜனங்கள் நம்பியதும் தெரிந்ததே. ராணி பட்டத்துக்கு வந்த 1837-இலேயே தாமஸ் ஹாலோவே தம் களிம்பை விற்கத் தொடங்கினார். 1842-இல் விளம்பரத்துக்கு 5,000 பவுன் செலவழித்தவர், 1855-இல் 30,000 பவுன் செலவழித்தார். அவருடைய மருந்துக் குறிப்புகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் அச்சாகி வந்தன. பட்டாளத்து டாக்டராக இந்தியாவில் இருந்த காலிஸ் பிரவுனின் குளோரோடைன், அபினும் குளோரோபாரமும் கஞ்சாவும் சேர்ந்தது. பீச்சம் மாத்திரையை 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சோதித்துப் பார்த்தபோது கிடைத்தவை மூசாம்பரம், சுக்கு, சவுக்காரம். நம் ஊர் நாட்டு மருந்துக்கடையில் முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். இவற்றைப் பற்றியெல்லாம் நல்ல கட்டுரைகள் இந்த மூன்று நாளில் வரப்போகின்றன. நான் அவற்றின் வழியில் குறுக்கே நிற்கவில்லை.

எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தை வேறொன்றுக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்.

இந்தியாவில் இந்த வணிகம் எப்படி வேரூன்றியது என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு பதில்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. ஹாலோவேயைப் பார்த்து நம்மவர்கள் செய்தார்கள் என்பது ஒன்று. சுதேசி உணர்ச்சியால் செய்தார்கள் என்பது மற்றொன்று. முன்வரிசையில் இருக்கும் என் மூத்த நண்பர் இரண்டாவது கட்சி. அவருடைய நூல் வந்த நாளிலிருந்து நான் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், மாறுபட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நூலின் முதல் சாட்சி ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். 1892-இல் அப்பர் சர்க்குலர் ரோடு 91-ஆம் எண் வீட்டில் பெங்கால் கெமிக்கல் தொடங்கியவர். எலும்பை மொட்டை மாடியில் காயப்போட்டு, காக்கை கொத்திக்கொண்டுபோய் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்த கதை நம் எல்லோருக்கும் பிடித்த கதை. ஆனால் அவர் செய்தது என்ன? பார்மகோபியாவில் உள்ள மருந்துகளைச் செய்தார். ஆடாதோடை சர்பத்தையும் ஓம வாட்டரையும் சேர்த்துக்கொண்டார். உள்ளே இருப்பது இன்னதென்று பெயரிலேயே சொன்னார். டாக்டர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் நம்பி விற்றார். ரகசியத்தை விற்ற கூட்டத்தில் அவரைச் சேர்ப்பது அவருக்கும் நியாயமில்லை, அந்தக் கூட்டத்துக்கும் நியாயமில்லை. சுதேசிக் கட்சியின் தலைமைச் சாட்சி நம் வழக்கிலேயே இல்லாதவர் என்று நான் சொல்லும்போது என் நண்பர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

என் பதில் மூன்று ஆண்டுகளில் அடங்கியிருக்கிறது. 1877-இல் இந்தியத் தபால் இலாகா, பார்சலைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. 1879-இல் காலணாக் கார்டு வந்தது. 1880-இல் மணியார்டர் தபால் இலாகாவின் கைக்கு வந்தது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கிராமத்தில் இருப்பவர் காலணாவுக்கு ஒரு கார்டு போட்டு மருந்து கேட்கலாம். பார்சல் வாசலுக்கு வரும். பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்தால் அது மணியார்டராக வியாபாரிக்குப் போய்ச் சேரும். முன்பணம் வேண்டாம், ஏஜெண்டு வேண்டாம், பட்டணத்தில் தெரிந்தவர் வேண்டாம். டாக்டர் எஸ். கே. பர்மன் பிற்காலத்தில் டாபர் என்று பெயர் பெற்ற தம் தொழிலைக் கல்கத்தாவில் 1884-இல் தொடங்கினார். கல்கத்தாவில் சிறிது காலம் தொழில் பார்த்துவிட்டுப் பம்பாய் போன காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-இல் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். 1914-இல் அது சென்னைக்கு வந்தது. இவர்களெல்லாம் ஏன் 1880-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளுக்குள் முளைத்தார்கள் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, தபால் இலாகாவைத் தவிர வேறு யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

பி. கே. பால் 1855-இலேயே கடை வைத்துவிட்டாரே, துவாரகாநாத் குப்தாவின் ஜுரமிக்ஸர் அதற்கு முந்தியதாயிற்றே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் கடை வைத்தார்கள். கடைக்கு ஆள் வந்தது. நான் பேசுவது ஆள் வராத ஊரைப் பற்றி.

சர்க்காருக்கே இது புரிந்திருந்தது. 1892-இல் வங்காளத்தில் கொய்னாவைக் காலணா, அதாவது ஒரு பைசாப் பொட்டலமாகக் கட்டித் தபால் ஆபீஸில் விற்கத் தொடங்கினார்கள். டார்ஜிலிங் பக்கத்து மங்பூவிலும் நம் நீலகிரியில் நடுவட்டத்திலும் சிங்கோனா வளர்த்த அரசாங்கம், அதைச் சாப்பிட வைக்க ஆஸ்பத்திரியை நம்பாமல் தபால் மாஸ்டரை நம்பியது. தபால் ஆபீஸ்தான் இந்த நாட்டின் முதல் பெரிய மருந்துக்கடை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதை நான் எழுதியபோது ஒரு மதிப்புரையாளர் என்னைத் தபால் இலாகாவின் சரித்திரக்காரர் என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

வி.பி.பி.யில் ஒரு சிக்கல் உண்டு. பார்சல் வந்த அன்று வாங்குபவருக்கு மனம் மாறிவிட்டால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடலாம். போக வரத் தபால் செலவு வியாபாரி தலையில். கார்டு போட்ட நாளுக்கும் பார்சல் வரும் நாளுக்கும் இடையில் பத்து நாள். கல்கத்தாவிலிருந்து நம் பக்கம் என்றால் இன்னும் கூடுதல். இதோ இந்தச் சாந்த்ராகாச்சி வழியாகப் போகும் பெங்கால் நாக்பூர் பாதை ஹவுராவைத் தொட்டதே 1900-இல்தான். அத்தனை நாளும் வாங்குபவரின் ஆசை ஆறாமல் இருக்க வேண்டும். அந்தக் கால விளம்பரங்களின் உரத்த குரலை நாம் பேராசை என்றும் புளுகு என்றும் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். புளுகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜில்லாவாரியாக அச்சிட்ட நற்சாட்சிப் பத்திரங்கள், மூன்று டப்பா எடுத்தால் கடிகாரம் இனாம், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் — இவை ஒவ்வொன்றும் திரும்பி வரக்கூடிய ஒரு பார்சலைத் தடுத்து நிறுத்த எழுதப்பட்டவை. கடையில் கைமேல் காசு வாங்குகிறவனுக்கு இப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே இருக்கிறது? பத்திரிகையில் கொஞ்சம் இருக்கிறது. பெரும்பகுதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. 1857-இல் பாதிரியார் ஜேம்ஸ் லாங் கணக்கெடுத்தபோதே கல்கத்தாவில் அச்சான பஞ்சாங்கங்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பத்திரிகையை இன்று படித்து நாளை கடலை மடிப்பார்கள். பஞ்சாங்கம் ஒரு வருஷம் முழுக்க உத்தரத்தில் தொங்கும். நல்ல நேரம் பார்க்க எடுக்கும் ஒவ்வொரு முறையும் மருந்து விளம்பரம் கண்ணில் படும். இதைவிட நல்ல இடம் ஒரு மருந்து வியாபாரிக்குக் கிடைக்குமா?

அந்தப் பஞ்சாங்கங்களைத் தேடி நான் ஒரு பெரிய நூலகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அறுபது ஆண்டுப் பஞ்சாங்கங்கள் தோல் முதுகு வைத்துப் பைண்டு செய்யப்பட்டு வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நேராகச் சங்கிராந்தி பலன். அடுத்ததும் அப்படியே. பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். விளம்பரத்துக்குத் தனிப் பக்க எண் என்பதால் எண்ணிப் பார்த்தாலும் குறை தெரியாது. ஒரு தொகுதியில் மட்டும் தையலில் மாட்டிக்கொண்ட இளஞ்சிவப்புத் தாளின் கீற்று ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. அதில் வரிகளின் முதல் எழுத்துகள் மேலிருந்து கீழாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். விளம்பரம் மூல ஆவணம் ஆகாது என்று நம்மில் சிலர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீற்று ஞாபகம் வரும். ஆவணம் ஆகாது என்று முதலில் முடிவு செய்தது பைண்டர்தான். நாம் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று இரவுச் சாப்பாட்டில் இந்த ஊர் ஓல் வைத்தார்கள். நம் சேனைக்கிழங்கு. வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ஓல் என்றால் தனி மதிப்பு. வடமொழி வைத்திய நூல்களில் இந்தக் கிழங்குக்கு ‘அர்சோக்னம்’ என்று ஒரு பெயர் உண்டு, மூலத்தை ஒழிப்பது என்று பொருள். சந்தையில் கூறுகட்டிக் கிடப்பதை எல்லோர் முன்னிலையிலும் வாங்கிக் குழம்பு வைக்கலாம். ஆனால் எனக்கு மூலம் என்று உள்ளூர் வைத்தியரிடம் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? பெண்களுக்கு? அதே கிழங்கு லேகியமாகி, டப்பாவில் அடைத்து, மேலே துணி தைத்து, அரக்கு வைத்து வரும்போது அதில் என்ன இருக்கிறது என்று தபால்காரருக்கும் தெரியாது. பஞ்சாங்க விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருபவை மூலம், மேகம், தாது நஷ்டம், பெரும்பாடு. வெளியே சொல்ல முடியாத வியாதிகள். ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று எழுதுகிறோம். அவர்கள் காசு கொடுத்தது மருந்துக்கு மட்டுமல்ல. ஒருவரிடமும் சொல்லாமல் இருக்கும் உரிமைக்கும் சேர்த்துத்தான். 1954-இல் மாய மருந்து விளம்பரங்களைத் தடுத்துச் சட்டம் போட்டோம். சரியான சட்டம், வேண்டிய சட்டம். அந்த உரிமையை வேறு எந்த வழியில் கொடுப்பது என்று அப்போதும் யோசிக்கவில்லை, இந்தத் துறையில் நாமும் கேட்கவில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரையாவது இந்த மாநாட்டில் வந்திருக்கலாமே என்ற குறை எனக்கு இருக்கிறது.

தேநீர் இடைவேளையில் நீங்கள் பார்க்க வாசல் பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறோம். உள்ளே இருப்பது என் பாட்டியின் தகரப்பெட்டியில் கிடந்த மருந்துத் தாள். கல்கத்தாக் கம்பெனி ஒன்றினுடையது. டப்பாவுக்குள் வைக்க எட்டாக மடித்தது. இங்கிலீஷ், வங்காளி, ஹிந்தி, தமிழ் என்று நாலு பத்தி. தமிழ்ப் பத்தியில் றகரம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ரகரம். தமிழ் தெரியாத யாரோ அச்சுக் கோத்திருக்கிறார்கள். பத்தியம் என்பது பத்தயம் ஆகியிருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு: வி.பி. ஒரு ரூபாய் ஆறணா, தபால்காரருக்கு ஓரணா. பாட்டியின் கையெழுத்து. எங்கள் வீட்டில் அந்த வியாதி யாருக்கு இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மடிப்புகள் நைந்திருப்பதால் தாளைக் கையில் எடுக்காமல் பார்க்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.