கடன் புத்தகமும் கதைப் புத்தகமும்

(பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





எழுத்தைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நாங்கள் பெரிய எழுத்தாளர்கள் அல்லர். புத்தகம் எதுவும் போட்டதில்லை. சந்தையில் மசாலாக் கடை நடத்திக்கொண்டு, இடையில் கிடைக்கிற நேரத்தில் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள். "நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த ஆசையோடு கடையில் நிற்பவர்கள் நம்மில் பலர். விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சந்தித்தால், வெங்காய விலையைப் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "ஏதாவது எழுதினீங்களா, பாய்?" அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

நாங்கள் படித்தது பலதுறைத் தொழிற்கல்லூரியில், மின்னணுவியல் டிப்ளோமா. பாடம் எல்லாம் ஆங்கிலம். உயர்நிலைப் பள்ளியில் சாதாரண நிலைத் தேர்வோடு தமிழ் வகுப்பு நின்றுவிட்டது. அத்தாவுக்கு முதுகுவலி வந்தபோது, சில மாதத்துக்கு மட்டும் என்று கடைக்கு வந்தோம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுப்போன தமிழ் திரும்பி வந்தது அந்தக் கடையில்தான்.

மசாலாக் கடையை இங்கே தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு எல்லாம் தனித்தனியாக இருக்கும். "ஒரு கிலோ மீனுக்கு மசாலா" என்று கேட்டதும் கலந்து கொடுத்துவிட முடியாது. என்ன மீன்? தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா? எத்தனை பேர்? சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவார்களா? இதையெல்லாம் கேட்டுத்தான் கலக்க வேண்டும்.

ஒரு சீன மூதாட்டி வாரம் தவறாமல் வருவார். மலாயில் "குராங் பெடாஸ்" என்பார், காரம் குறைவாகப் போடு என்று. ஒரு வாரம் அவர் அதைச் சொல்லவில்லை. நாங்களாகவே நினைவுபடுத்தினோம். "இனி குறைக்க வேண்டாம். வீட்டுக்காரர் போய்விட்டார். எனக்குக் காரம்தான் பிடிக்கும்" என்றார். மசாலாவைப் பொட்டலம் கட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடமும் அவர் தமக்குப் பிடிக்காத குழம்பைச் சமைத்திருக்கிறார்!

கதை எழுத நேரம் வேண்டும், தனிமை வேண்டும், கடலைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான் தெரிந்தது, கதை எங்கள் கடைக்கு வாரா வாரம் வந்துகொண்டிருந்தது என்று. நாங்கள் மசாலாவுக்குக் கேள்வி கேட்டோமே தவிர, மனிதரைக் கேட்கவில்லை.

எழுத்து மோகத்தில் தொழிலைக் கோட்டை விட்டதும் உண்டு. ஒரு கதையின் முடிவை யோசித்துக்கொண்டே சரக்குக்குச் சொன்னதில், இரண்டு மூட்டை சோம்புக்குப் பதில் இருபது மூட்டை வந்து இறங்கியது. அத்தா கோபப்படவில்லை. "கதை எழுது, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கடையில் நிற்கும்போது கடையில் நில்" என்றார். அந்தச் சோம்பை விற்று முடிக்கப் பல மாதம் ஆனது. கதையை அனுப்பிய இதழிலிருந்து பதிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டோம். சட்டைப் பையில் ஒரு 555 நோட்டு. பெரியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மளிகைக் கடைகளில் கடன் எழுதிய சின்னப் புத்தகம். பகலில் அதில் ஒரு வரி மட்டும் குறித்துக்கொள்வோம். கடை சாத்தி, கணக்கு முடித்து, இஷா தொழுத பிறகு அரை மணி நேரம் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உட்காருவோம். சில நாள் அரைப் பக்கம் வரும். சில நாள் தூக்கம்தான் வரும்.

அந்த நோட்டு எங்கள் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நன்னா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். கடைப் பையனாக இருந்து, கடையிலேயே படுத்து எழுந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். அவர் மவுத்தான பிறகு, மேல் தட்டில் ஒரு கட்டு 555 நோட்டுகள் கிடைத்தன. எல்லாம் கடன் கணக்கு. பெயர், சரக்கு, தொகை. ஒரு நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் பாக்கி. மேலே பெயர் இல்லை, "மூன்றாம் மாடி" என்று மட்டும் இருந்தது. கீழே நன்னா கையால் எழுதியிருந்தார்: "மகன் பரீட்சை எழுதுகிறான். கேட்க வேண்டாம்."

அந்த வீட்டுக்காரர் யார்? அந்தப் பையன் தேறினானா? இன்று எங்கே இருக்கிறான்? கடன் கடைசியில் அடைபட்டதா, நன்னாவே தள்ளுபடி செய்தாரா? அத்தாவுக்கும் தெரியவில்லை. நன்னா உயிரோடு இருந்த காலத்தில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம், கைபேசியைப் பார்த்துக்கொண்டு. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை வைத்து மூன்று முறை கதை எழுதிப் பார்த்தோம். மூன்றும் பொய்யாகத்தான் வந்தது.

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலித்துக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தும் அதில் வருகிறது. விளக்கத்தை ஆலிம்கள் சொல்லட்டும். கடைக்காரர்களான எங்களுக்கு அதில் ஒரு ஆறுதல். எழுதுவது நம் தொழிலுக்கு அந்நியமான காரியமல்ல. கணக்கு எழுதிய கைதான் கதையும் எழுத வேண்டும்.

இந்த ஊரில் நமக்கு முன்னோடியும் இருக்கிறார். 1887இல் சி.கு. மகுதூம் சாயபு இங்கே "சிங்கை நேசன்" என்ற வார இதழைத் தொடங்கினார். 1888இல் அதில் வந்த "வினோத சம்பாஷணை"யைச் சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழ்ச் சிறுகதையாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இதழ் சில ஆண்டுகளே வந்தது. ஆனால் அச்சில் இருந்ததால் இன்றும் அதைப் பற்றிப் பேச முடிகிறது. அதே காலத்தில் தெலுக் ஆயர் தெருவிலும் சூலியா தெருவிலும் நடந்துபோன எத்தனையோ பேர் இதைவிட நல்ல கதைகளை வைத்திருந்திருப்பார்கள். அவை அவர்களோடு போய்விட்டன.

ஆகவே, பொன்விழாவில் குடும்பங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வாரம் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? நன்னிமார்களை மறந்துவிடாதீர்கள். கடைக் கணக்காவது ஒரு நோட்டில் இருக்கிறது. அடுப்படிக் கணக்கை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பதிலை ஒரு பக்கம் எழுதுங்கள். இளையவர்கள் தமிழில் பிழை வருமே என்று தயங்க வேண்டாம். எங்கள் சந்திப்பிழைகளை இன்றும் பழைய தமிழாசிரியர் ஒருவர்தான் திருத்தித் தருகிறார். பிழையைத் திருத்த ஆள் கிடைப்பார். போன பெரியவரைத் திரும்ப அழைத்துக் கேட்க முடியாது.

எழுதிய பக்கங்களைச் சங்கத்துக்கு அனுப்பினால், அவற்றைத் தொகுத்துத் தட்டச்சு செய்யும் பொறுப்பைக் கடை சாத்திய பிறகு நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். உணவு இடைவேளையில் வாசல் மேசையில் புது 555 நோட்டுகள் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். இதற்குக் கடன் எழுத மாட்டோம்.