ஆர்ச்சிக்குப் பேச்சு வந்த கதை



இந்த மாதம் ஓர் இரும்பு மனிதனைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆர்ச்சி என்றதும் ஐம்பது வயதைத் தொட்ட நேயர்கள் பலருக்கு முகம் மலரும். சிவகாசியிலிருந்து 1984 இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ்தான் அவனை நமக்குக் கொண்டுவந்தது. அவன் பிறந்ததோ இங்கிலாந்தில். 1952 பெப்ரவரியில், அங்கே 'லயன்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே வந்துவிட்டான். சில மாதங்களில் மறைந்து 1957 இல் திரும்பினான். 1974 இல் அந்த இதழே நின்றுபோனது. அங்கே கடை மூடிப் பத்து வருடம் கழித்துத்தான் நம் கைக்குக் கிடைத்தான்!

கதையின் வேகத்தைப் பாருங்கள். அங்கே வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். கடைசிக் கட்டத்தில் ஆர்ச்சி பள்ளத்தில் விழவேண்டும், அல்லது காட்டு மிருகம் பாயவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பையன் காசு கொடுத்து வாங்கமாட்டான். அந்த வாரங்களை எல்லாம் ஒன்றாகத் தைத்து ஒரே புத்தகமாகத் தமிழில் தந்தபோது, இரண்டு மூன்று பக்கத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. மூச்சுவிட நேரமில்லை. வளர்ந்தபின் வாசித்தால் இது குறை என்றே சொல்வேன். அந்த வயதில் அப்படித் தோன்றவில்லை.

மண்டபம் முகாமில் எங்கள் வரிசைக்கு வந்த புத்தகங்கள் பல கை மாறி வந்தவை. அட்டை இராது, கடைசித் தாள்கள் இரா. ஆனால் எந்தப் பக்கத்தில் கிழிந்திருந்தாலும் அது ஒரு ஆபத்தான இடமாகவே இருக்கும். மீதியை நாங்களே சொல்லி முடிப்போம். ஒரே கதைக்கு நாலு முடிவு கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுமதி வரும் என்று தெரியாத நாட்களில், எங்களுக்குக் கிடைத்த தமிழ்ப் பாடம் அதுதான்.

இனிப் பாத்திர வளர்ச்சி. நான் கணக்குக்காரன், அந்தப் பாஷையில் சொல்கிறேன்: ஆர்ச்சி கதைகளில் கீழ்க்கொண்டுவந்த மீதி கிடையாது. ஒரு கதையில் பட்ட அடி அடுத்த கதையில் வராது. ஒன்றே ஒன்றுதான் பேரேட்டில் ஏறியது. ஆரம்பத்தில் ஆர்ச்சி பேசமாட்டான். டெட் ரிட்சி, கென் டேல் என்ற இரு நண்பர்கள் ஒரு பெட்டியின் விசையை அழுத்தி அவனை இயக்குவார்கள். பெட்டி கைதவறினால் என்ன ஆகும் என்பதே பயம். பிற்காலத்தில் குரல் பொருத்தினார்கள். பேச்சு வந்ததும் பெருமையும் வந்தது! தன்னைப் போல் உலகில் யாருமில்லை என்று ஓயாமல் பீற்றிக்கொள்வான். எஜமானர்கள் இருவரும் கூடவே ஓடும் ஆட்களாகிவிட்டார்கள். அந்தப் பழைய பயம் போனது நட்டந்தான். ஆனாலும் நாம் நினைவில் வைத்திருப்பது அந்த வாயாடியைத்தான்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் வேறு விதம். அது படக்கதையல்ல, விகடனில் வந்த தொடர்கதை. அங்கே மீதி ஒழுங்காக ஏறும். ஜீனோ வாசிக்கிறது, கேள்வி கேட்கிறது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மனிதருக்கு நெருங்குகிறது. பாத்திர வளர்ச்சிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஜீனோவுக்கே போடுவேன்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கவேண்டியது ஆர்ச்சியை. காரணம் இருக்கிறது. இங்கே நம் வீடுகளில் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுத்தைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். முகாமில் விளக்கு வெளிச்சத்தில் வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். முழு நாவலைக் கையில் கொடுத்தால் ஓடிவிடுவார்கள். படத்தோடு சில பக்கங்கள் என்றால் இருப்பார்கள்.

ஷார்ஜாவில் 2022 ஜனவரி முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் விடுமுறை. வெள்ளி பின்னேரம் ஓர் ஆபத்து வரும்வரை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஆர்ச்சியின் பெருமைப் பேச்சைக் குரல் மாற்றிச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம். சரியான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். ஒளிக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் யாராவது எழுத்துக்கூட்டும் சத்தம் கேட்டால், அறைக்குள் போகாதீர்கள்.